மூளியலங்காரி

கதைகளிலே கொடியவர் பலர் வருவர். அரக்கர் வருவர், கள்வர் வருவர், பகையரசர் வருவர். அவர்தம் செயல்களைப் படிக்குங்கால் நமக்கு அச்சமும் சினமும் உண்டாகும். ஆயினும் நூலை மூடி வைத்ததும் அவர்களை ஒருவாறு மறந்து விடுகிறோம். உறவினர் ஒருவர் கொடியவராக வரின், அவரை அங்ஙனம் மறக்க இயலுவதில்லை. ஆண்டு பல கழிந்த பின்னரும் அவர் பெயரைக் கேட்ட அளவிலே முகம் சுளிக்கிறோம். பகைவன் செய்யும் பெருந்தீங்கினும் உறவினர் செய்யும் சிறு தீங்கு நம் நெஞ்சை மிகுதியாகச் சுடுவது ஏன்?

இதனை ஆராய்வதற்கு நல்லதங்காள் கதை மிகவும் ஏற்றது. கற்றோர் அவையில் இக்கதைக்கு உயர்ந்த இடம் கிடைத்ததில்லை; சிற்றூர்த் திண்ணைகளிலும் கோயில் முன்றில்களிலுமே இது பாடப்பெற்று வந்தது. பின்னர்ப் பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சேறிற்று. 1935-ஆம் ஆண்டிலும் 1955-ஆம் ஆண்டிலும் திரைப்படமாகவும் வெளிவந்தது. பாடிய புலவரைப் பற்றி ஆராய்வோர் ஆராய்க. அவர் யாரேயாயினும், மக்கள் உள்ளத்தை நன்கு அறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

கதை யாவரும் அறிந்ததே. அருச்சுனாபுரத்திலே நல்லதம்பிக்குத் தங்கையாய்ப் பிறந்த நல்லதங்காள், மானாமதுரையில் காசிராசனுக்கு வாழ்க்கைப்பட்டு ஏழு மக்களைப் பெற்றாள். பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் வந்தது. பசி பொறாத மக்களை அழைத்துக்கொண்டு அவள் பிறந்தகம் நோக்கிப் புறப்பட்டாள். வேட்டைக்குச் சென்றிருந்த தமையனை வழியிலே காட்டில் கண்டாள். அவன் அன்போடு பேசி, வீட்டிலே எல்லாம் நிறைந்திருக்கிறது என்று கூறி, முன்னே செல்லுமாறு அனுப்பினான். அவ்வீட்டில் இருந்தவள் அவன் மனைவி மூளியலங்காரி.

மாணவர்களே, கதை சொல்வோர் இங்கே செய்துள்ள ஏற்பாட்டை நோக்குங்கள். வீட்டிலே பொருள் இல்லையென்றால் மூளியலங்காரியை நாம் வெறுக்க இயலாது. பஞ்ச காலத்தில் தன் வீட்டு அடுப்பைக் காக்கின்றாள் என்று இரங்குவோம். அந்த ஒரு வழியைத் தமையன் வாய்ச்சொல்லாலேயே புலவர் அடைத்து விடுகிறார். களஞ்சியம் நிறைந்திருப்பதைக் கேட்போர் முன்னரே அறிந்துகொள்கின்றனர். ஆகவே, அவள் மறுக்கும் ஒவ்வொரு பிடியும் உள்ளதை மறுப்பதாகவே அமைகிறது.

வந்தவர்களோ பிச்சை கேட்க வந்தவர் அல்லர். பிறந்த வீட்டில் பெண்ணுக்கு உரிமை உண்டு. தாய்மாமன் மடியில் அமர்த்திக் குழந்தைக்குக் காது குத்துவதும், தாய்மாமன் சீர் கொண்டு வருவதும் நம் நாட்டு வழக்கம் அன்றோ? அம்மாமன் மனைவியை அக்குழந்தைகள் அத்தை என்று அழைப்பர். அந்நியர் வாயிலில் சோறு கிடையாவிட்டால் ஏமாற்றம் மட்டுமே உண்டாகும். அத்தை வாயிலில் கிடையாவிட்டால் உரிமையும் பறிபோகிறது.

மூளியலங்காரி நாத்தனாரும் பிள்ளைகளும் வருவதைத் தொலைவிலேயே கண்டு கதவைத் தாழிட்டுக் கொண்டாள். நோயுற்றவள் போலப் படுத்துக்கொண்டாள் என்றும் சிலர் பாடுவர். நல்லதங்காள் தன் கற்பின்மேல் ஆணையிடவே கதவு திறந்தது என்பது கதை. உள்ளே சென்ற குழந்தைகள் பசி மிகுதியால் அங்குக் கிடந்த பழங்களை எடுத்து வாயில் வைத்தனர். அவள் ஓடிவந்து அவற்றைப் பறித்துக் கொண்டாள்.

இந்தக் கதை கேட்டோர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். வேறு எது மறந்தாலும் இச்செயலை மறந்திரார். ஒரு பழத்தின் விலை என்ன? பழம் நிறைந்த வீட்டிலே ஒன்று குறைந்தால் யாருக்கு இழப்பு? பறிப்பதனால் அவளுக்கு வரும் பயன் ஒன்றுமில்லை. குழந்தைக்கு வரும் துன்பமோ அளவில்லாதது. அரக்கன் ஊரை எரித்தான் என்றால் அதை நாம் கண்டதில்லை. கற்பனையால்தான் அறிய வேண்டும். குழந்தையின் கையிலிருந்து தின்பண்டத்தைப் பறிப்பது எத்தகையது என்பதோ யாவருக்கும் தெரியும். நாமே அளந்தறியத்தக்க சிறுமையாக இருப்பதால்தான் அது நெஞ்சில் ஆழமாகப் பதிகின்றது.

இதனினும் நுட்பமானது அடுத்து வருவது. பசிக்கு ஏதேனும் கொடு என்று நல்லதங்காள் வேண்டியபோது மூளியலங்காரி இல்லையென்று சொல்லவில்லை. பல ஆண்டு கிடந்து மக்கிய கேழ்வரகைக் கொடுத்தாள். உடைந்த திருகையைக் காட்டினாள். ஓட்டைப் பானையை எடுத்து வைத்தாள். எரியாத பச்சை மட்டையை விறகாகத் தந்தாள். இல்லையென்று சொல்லியிருந்தால் நல்லதங்காள் அயலார் வீட்டை நாடியிருக்கக் கூடும். கொடுத்ததாகப் பெயர் இருக்க வேண்டும். கொடுத்தது உணவாகவும் கூடாது. அதற்கு எத்தனை சூழ்ச்சி! மக்கிய தானியத்தையும் எரியாத விறகையும் தேடி எடுப்பதற்கு நல்லவற்றை எடுப்பதைக் காட்டிலும் மிகுதியான உழைப்பு வேண்டும் அல்லவா? கொடுமைக்காக உழைக்கின்றவளை யார் பொறுப்பர்?

இவளைக் கைகேயியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கைகேயியால் விளைந்த கேடு மிகப் பெரிது. கணவன் உயிர் நீத்தான், மைந்தன் பதினான்கு ஆண்டு கானகம் சென்றான், நாடே கலங்கிற்று. எனினும் நாம் அவளை முழுதும் வெறுப்பதில்லை. இராமனுக்கு முடிசூட்டு விழா என்ற செய்தியைக் கூனி வந்து சொன்னபோது, கைகேயி உவகையால் மாலை ஒன்றைப் பரிசாக அளிக்கின்றாள். அந்த நல்ல உள்ளம் கூனியின் சொல்லால் சிறிது சிறிதாகத் திரிவதைக் கம்பர் காட்டுகின்றார். அவள் கேட்டதும் தன் மகனுக்காக. கேட்டதை மறைக்கவும் இல்லை. மூளியலங்காரியைத் தூண்டியவர் எவருமில்லை. அவள் மனம் ஒரு கணமேனும் தயங்கியதாகவும் கதை கூறவில்லை. வேட்டையினின்று மீண்ட கணவன் தங்கையைப் பற்றி வினவியபோது, விருந்து சமைத்து இட்டதாகவும் அவர்கள் உண்டு சென்றதாகவும் பொய்யும் சொன்னாள். அயலார் வாயிலாகவே உண்மை வெளிப்பட்டது.

அவள் பெயரே வியப்புடையது. மூளி என்பது உறுப்பிலோ அணியிலோ குறைபட்டதைக் குறிக்கும் சொல். அலங்காரி என்றால் தன்னை அணி செய்துகொள்பவள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தவர் குறும்பு மிக்கவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இக்கதையில் என் மனத்தை நெடுநாள் உறுத்தியது ஒன்று உண்டு. ஏழு குழந்தைகளையும் பாழுங் கிணற்றிலே தள்ளிய கை மூளியலங்காரியின் கை அன்று. பெற்ற தாயின் கை. மூத்த மகன் அஞ்சி ஓடினான் என்றும், அவனையும் பற்றி இழுத்து வந்து தள்ளினாள் என்றும் பாடுவர். அது கொடுஞ்செயலே, துயரம் எத்துணைப் பெரிதாயினும் அதனை நன்றென்று கூற இயலாது. ஆயினும் கேட்போர் நல்லதங்காளுக்காக அழுகின்றனர். வத்திராயிருப்பை அடுத்த அருச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலும் இருக்கின்றது. பழி முழுதும் மற்றவள் தலையிலே ஏறிவிட்டது. அவள் எவரையும் கொன்றாளில்லை. கைந்நீட்டி அடித்ததாகக் கூடக் கதையில் இல்லை. பழம், கேழ்வரகு, பானை, விறகு என்று ஒவ்வொன்றாக மறுத்தாள்; கிணற்றுக்குச் செல்லும் வழி ஒன்றே எஞ்சும் வரையில் மறுத்தாள்.

தமையன் செயலிலும் ஒரு குறை உண்டு. மனைவியின் இயல்பை அறியாதவனா அவன்? பசியோடு வந்த தங்கையைத் தனியே அனுப்பிவிட்டு வேட்டையைத் தொடர்ந்தவன் அவனே. உடன் வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பின்னர் அவன் மனைவியையும் அவள் சுற்றத்தாரையும் கடுமையாகத் தண்டித்துத் தானும் உயிர் விட்டான் என்று பாடும்போது, கேட்போர் அவனை நல்ல அண்ணன் என்றே போற்றுகின்றனர். அவன் வேட்டையாடிய அந்த நாட்களைப் பற்றி வினவுவோர் அரியர். மூளியலங்காரியை வெறுப்பதிலேயே அவர் நெஞ்சம் நிறைந்து விடுகின்றது.