ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும்?

மருத்துவ ஆய்வொன்றில் பங்கேற்க இசைவு கேட்கும்போது, பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளிலிருந்து வரும் குடும்பத்தினர் சிலர் எங்களைக் கேட்பதுண்டு: "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, இத்தனை பேர் எதற்கு?" நியாயமான கேள்வி.

ஒரு சோறு போதும் என்று துணிவது, பானை முழுவதும் ஒரே அரிசி, ஒரே கொதி என்று முன்பே அறிந்திருப்பதால்தான். அவ்வறிவு இல்லாவிடில் பல பருக்கைகளை நசுக்கிப் பார்க்க வேண்டும். பேய்ஸ் முறை இதையே கணக்காக்குகிறது. இங்கிலாந்துச் சமயகுரு தாமஸ் பேய்ஸ் எழுதிய கட்டுரை, அவர் மறைந்த பின்னர் 1763இல் வெளியாயிற்று. அவ்வழியில், ஒரு மருந்தைப் பற்றி முந்தைய ஆய்வுகள் எவ்வளவு உறுதியாகச் சொல்கின்றன என்பதை முதலில் எண்ணாக எழுதிக்கொள்கிறோம். புதிய நோயாளிகளின் விளைவுகள் சேரச் சேர அந்த எண் திருத்தம் பெறும். முன்னறிவு வலுவாயின் குறைவானோர் போதும். நோயாளிகளே சிலராக உள்ள அரிய நோய்களில் இது பேருதவி. தேவையின்றி ஒருவரைக்கூட ஆய்வுக்கு உட்படுத்தாதிருப்பதும் சிறிய செய்தியன்று.

ஆனால் முன்னறிவு நம்மை ஏமாற்றவும் கூடும். பி.சி.ஜி. தடுப்பூசி, 1950இல் பிரிட்டனில் பள்ளி முடிக்கும் வயதினரிடையே தொடங்கிய ஆய்வில், காசநோயை முக்கால் பங்குக்கும் மேல் தடுத்தது. அதை அப்படியே நம்பிக் கணக்கிட்டிருந்தால், இங்கே சிறிய ஆய்வே போதும் என்று தோன்றியிருக்கும். 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய ஆய்விலோ இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தும், பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயிலிருந்து பாதுகாப்புக் கிடைத்ததாகத் தெரியவில்லை. (குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோய் போன்ற கொடிய வகைகளை அது தடுக்கிறது, ஆகவே பிறந்தவுடன் போடும் ஊசியைத் தவிர்க்காதீர்கள்.)

இதனால், அயல்நாட்டு முடிவுகளுக்கு முழு எடை தர நாங்கள் தயங்குகிறோம். நம்பிக்கையோடு ஒருமுறை, ஐயத்தோடு ஒருமுறை கணக்கிட்டு, இரண்டுக்கும் ஈடுகொடுக்கும் எண்ணிக்கையைத் தேர்வதே முறை என்பது எங்கள் கருத்து. ஐயத்தோடு போடும் கணக்கு பெரும்பாலும் கூடுதல் ஆட்களைக் கேட்கும், அதற்கு வருந்துவதில்லை.

இசைவுப் படிவத்தில் கையெழுத்திடுமுன், இந்த எண்ணிக்கை எந்த முந்தைய ஆய்வை நம்பி வந்தது, அது நம்மைப் போன்ற மக்களிடம் நடந்ததா, இடையிலேயே விடை தெளிவானால் நிறுத்துவார்களா என்று கேளுங்கள். இந்தியாவில் மருந்து ஆய்வுகளைப் பதிவுசெய்வது 2009 முதல் கட்டாயம். பதிவு எண்ணையும் கேட்கலாம். பங்கேற்க மறுத்தாலும் உங்களுக்குரிய சிகிச்சையில் குறைவிராது.