பலசாலிக்கு அழகு எது?

குழந்தைகளே! 'ஜிம்' என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? புடைத்த புஜங்கள், கனமான இரும்புத் தட்டுகள், சுவர் முழுக்கக் கண்ணாடி... அப்படித்தானே? எனக்கு நினைவுக்கு வருவது ஒரு துண்டு! தோளில் போட்டுக்கொள்வோமே, அந்தச் சாதாரணப் பருத்தித் துண்டுதான். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

வட சென்னைக்கும் உடற்பயிற்சிக்கும் நெடுநாள் உறவு உண்டு. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், காசிமேட்டில் வலை இழுத்தவர்கள், ஆலைத் தொழிலாளர்கள் என்று பலரும் வேலை முடிந்ததும் குத்துச்சண்டை பழகினார்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குழுக்களுக்குப் பெயர் இருந்தது. 2021இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படத்தில் இதைப் பார்த்திருப்பீர்கள். சொல்லிக் கொடுப்பவருக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? 'வாத்தியார்'! அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கும்.

என் பழைய மாணவன் ஒருவன் துறைமுகத்தில் வேலை செய்கிறான். "சார், நாங்க எக்சர்சைஸ் பண்ற இடத்தை வந்து பாருங்க" என்று ஒரு மாலை அழைத்துப் போனான். தண்டையார்பேட்டைச் சந்து ஒன்றில் சின்னக் கூடம். உள்ளே இருபது பேர். படுத்துக்கொண்டு எடை தூக்கும் பெஞ்ச் ஒன்றே ஒன்றுதான்!

சண்டை வருமே என்று நினைத்தேன். வரவில்லை. மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் தூக்கும்போது இன்னொருவர் தலைமாட்டில் நின்று, கம்பி நழுவினால் பிடிக்கத் தயாராக இருந்தார். மூன்றாமவர் ஓய்வெடுத்தார். பிறகு முறை மாறியது. எப்படியும் ஓய்வு தேவை. அந்த நேரத்தில் அடுத்தவர் தூக்கலாமே!

அங்கே புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் இருந்தான். பயிற்சி முடிந்ததும் கம்பியின் ஒரு பக்கத்துத் தட்டுகளை எல்லாம் அவசரமாகக் கழற்றினான். அவ்வளவுதான்! மறுபக்கம் சரிந்து, கம்பி தூக்கியடித்து, ஒரு பெரியவரின் காலருகே 'டமால்' என்று விழுந்தது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் பாதம் நசுங்கியிருக்கும்.

பூங்காவில் சீசா ஆடும்போது ஒரு பக்கத்தில் இருப்பவன் திடீரென்று குதித்து இறங்கினால் என்ன ஆகும்? அதேதான் இங்கும். அதனால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றித்தான் கழற்ற வேண்டும். பளு தூக்கும் போட்டியில் ஆண்களுக்கான கம்பி மட்டுமே 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ. தட்டுகளில் சிவப்பு 25 கிலோ, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10. விளையாட்டுச் சாமான் இல்லை, பார்த்தீர்களா?

பையன் நடுங்கிப் போனான். வாத்தியார் திட்டவில்லை. "தம்பி, நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வர்றாரு இவரு. கால் போயிருந்தா, நாளைக்கு வேலைக்கு எப்படிப் போவாரு? வீட்ல எப்படி அடுப்பு எரியும்?" என்றார். பையன் தலைகுனிந்தான்.

பிறகு அந்தப் பெரியவர் பெஞ்சில் படுத்தார். அன்று அங்கே அதிக எடை தூக்கியவர் அவர்தான்! முடித்ததும் என்ன செய்தார் தெரியுமா? தோளிலிருந்த துண்டை எடுத்து, பெஞ்சில் ஒட்டியிருந்த தன் வியர்வையைத் துடைத்தார். தட்டுகளை அதனதன் இடத்தில் மாட்டினார். "வா தம்பி, உன் முறை" என்று அந்தப் பையனையே அழைத்தார். அவன் தூக்கி முடிக்கும்வரை தலைமாட்டில் நின்றார்.

எனக்கு ஏன் துண்டு நினைவுக்கு வருகிறது என்று இப்போது புரிகிறதா?

குத்துச்சண்டையிலும் இப்படித்தான். உலகப் புகழ் பெற்ற முகமது அலி 1980இல் சென்னைக்கு வந்து, ஜிம்மி எல்லிஸ் என்பவருடன் காட்சிப் போட்டியில் மோதினார். இருவரும் அமெரிக்காவின் லூயிவில் நகரத்துக்காரர்கள், இளம் வயது நண்பர்கள். பல ஆண்டுகள் ஒன்றாகப் பயிற்சி செய்தவர்கள். 1971இல் உண்மையான போட்டியிலும் மோதினார்கள், அலி வென்றார். அதன் பிறகும் நட்பு முறியவில்லை. பயிற்சியில் எதிரே நிற்பவர் எதிரி அல்ல, நமக்குக் கற்றுத் தருபவர்!

உங்கள் வயதுக்குக் கனமான இரும்பு வேண்டாம். தண்டால், பஸ்கி, ஸ்கிப்பிங் போதும். ஆனால் பள்ளி மைதானம், சிலம்பக் கூடம், பூங்காவில் உள்ள உடற்பயிற்சிக் கருவிகள் எல்லாமே பொதுவானவை. அங்கே இவற்றை மறக்காதீர்கள்:

* கருவி அருகே உள்ள அறிவிப்பைப் படியுங்கள். பெரியவர்களுக்கு மட்டும் என்றிருந்தால் ஏறாதீர்கள். சொல்லிக் கொடுப்பவர் இல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

* உங்கள் முறை முடிந்ததும் இறங்கிவிடுங்கள். கருவியில் உட்கார்ந்து அரட்டையும் செல்போனும் வேண்டாம்.

* வியர்வையைத் துடையுங்கள். துண்டைப் பகிர்ந்துகொள்ள வேண்டாம். படர்தாமரை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அப்படித்தான் தொற்றும்.

* எடுத்ததை எடுத்த இடத்தில் வையுங்கள். தரையில் கிடக்கும் கயிறுகூட ஒருவரை இடறி விழச் செய்யும்.

* பயிற்சி செய்பவரின் குறுக்கே நடக்காதீர்கள். கர்லாக்கட்டை சுழற்றுபவர் பக்கம் போகவே போகாதீர்கள்.

* இரண்டு தண்டால் மட்டும் எடுக்க முடிந்தவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நூறு எடுப்பவரும் ஒருநாள் இரண்டில் தொடங்கியவர்தான்.

அடுத்த வாரம் அந்தக் கூடத்துக்கு மறுபடியும் போயிருந்தேன். அந்தப் பையன் தட்டுகளை மாற்றி மாற்றிக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் தோளில் புத்தம் புதிய துண்டு ஒன்று!

உங்கள் பையிலும் நாளை முதல் ஒரு துண்டு இருக்கும்தானே, குழந்தைகளே?