கராஜிச்: ஒரு குடும்பப்பெயர் கைமாறிய கதை

செர்பியக் குடும்பப்பெயர்களில் பெரும்பாலானவை 'இச்' என்று முடிகின்றன. இன்னாரின் பிள்ளை, இன்னாரின் வழிவந்தவர் என்று பொருள்தரும் விகுதி. இனிஷியலோடு காலந்தள்ளுகிற நமக்கு இது வெறும் ஓசை. அங்கே அப்படியில்லை. முன்பெயரையும் பின்பெயரையும் சேர்த்துச் சொன்னால் எந்தக் குலம், எந்த மதம் என்று கேட்கிறவர் கணக்குப் போட்டுக்கொள்வார். 1992இல் பொஸ்னியச் சாலைத் தடுப்புகளில் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தவர்கள் போட்டது இந்தக் கணக்குத்தான். பேச்சை வைத்து யார் செர்பியர், யார் முஸ்லிம், யார் குரோஷியர் என்று பிரிக்க முடியாது. ஒரே ஊர்க்காரர்கள், ஒரே பேச்சு. ஆகவே பெயரை வாசித்தார்கள்.

அப்படிப்பட்ட பெயர்களில் ஒன்று கராஜிச். செர்பியரின் இன்றைய எழுத்துமுறையையும் முதல் பேச்சுமொழி அகராதியையும் உருவாக்கிய வுக் கராஜிச் (1787-1864) இந்தப் பெயர்க்காரர். இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஆயுள்தண்டனை பெற்ற ரதோவான் கராஜிச்சும் (பிறப்பு 1945) இந்தப் பெயர்க்காரர்தான். இருவரின் மூதாதையரும் இன்றைய மான்டிநீக்ரோ மலைகளில் வாழ்ந்த த்ரோப்ன்யாக் குலத்தவர். இதைச் சொன்னதுமே இரண்டு பதில்கள் தயாராக வரும். பார்த்தீர்களா, தேசியம் அகராதியில் தொடங்கிச் சவக்குழியில்தான் முடியும் என்பார் ஒருவர். அட, பெயர் ஒன்றாக இருந்தால் என்ன செய்ய முடியும், பெரியவரை இதில் இழுக்காதீர்கள் என்பார் இன்னொருவர். இரண்டுமே சோம்பேறிப் பதில்கள். பெயர் எப்படிக் கைமாறியது என்று பார்க்கணும்.

'கரா' என்றால் துருக்கி மொழியில் கறுப்பு. 'கராஜா' என்றால் கருநிறத்தது. ஒருவகை மானுக்கும் அங்கே அதே பெயர். ஆக, வேர் துருக்கி, விகுதி ஸ்லாவ். இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. 1818இல் வியன்னாவில் வெளிவந்த 'செர்பிய அகராதி'யின் தலைப்புப் பக்கத்தில் கராஜிச் என்ற பெயரே கிடையாது. 'வுக் ஸ்டெஃபானோவிச்' என்றுதான் இருக்கிறது. ஸ்டெஃபானின் மகன் வுக், அவ்வளவுதான். மூதாதையரின் பெயரை அவர் பின்னால்தான் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். ரத்தத்தோடு வந்ததாகக் கொண்டாடப்படும் பெயர், ஓர் எழுத்தாளர் தனக்கென்று தேர்ந்துகொண்ட பெயர்.

வுக் என்றால் ஓநாய். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனதால், சூனியக்காரிகள் அண்டக்கூடாது என்று வைத்த பெயர். ஒட்டோமான் ஆட்சியின்கீழ் இருந்த த்ர்ஷிச் கிராமத்தில், வெடிமருந்தைத் தண்ணீரில் கரைத்து மையாக்கி நாணலால் எழுதிப் பழகிய பையன். 1804இல் தொடங்கிய எழுச்சியில் எழுத்தராக வேலை பார்த்தார். 1813இல் அது நசுக்கப்பட்டபோது, முடங்கிப்போன ஒரு காலோடு வியன்னாவுக்குப் போனார். அங்கே ஸ்லாவ் நூல்களுக்குத் தணிக்கை அதிகாரியாக இருந்த ஸ்லோவேனியர் கோப்பிட்டர் இவரைப் பிடித்துக்கொண்டார். தணிக்கை அதிகாரியால் ஒரு மொழிக்கு நன்மை விளைந்த அபூர்வச் சந்தர்ப்பம்.

அன்றைக்குச் செர்பியரின் எழுத்துமொழி, திருச்சபை ஸ்லாவோனியமும் ருஷ்யனும் கலந்த ஒன்று. ஆடு மேய்க்கிறவருக்குப் புரியாது. பேசுவதுபோல எழுது, எழுதியிருப்பதுபோல வாசி என்கிற ஜெர்மானிய விதியை வுக் கைக்கொண்டார். ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து, மொத்தம் 30. லத்தீனிலிருந்து ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டார் என்பதற்காக, கத்தோலிக்கருக்கு விலைபோய்விட்டார் என்று திருச்சபை பாய்ந்தது. அகராதியில் 26,270 சொற்கள். சடங்கு, நம்பிக்கை, ஊர்க்கதை, கெட்ட வார்த்தை எல்லாம் உண்டு. (கெட்ட வார்த்தைகள் 1852 பதிப்பில் காணாமல் போயின. பெரிய மனிதராகிவிட்டார்.) துருக்கிச் சொற்களை உடுக்குறி போட்டுக் காட்டினாரே தவிர, தூக்கி எறியவில்லை. 1832இல் செர்பிய அரசு இவருடைய எழுத்துமுறையைத் தடைசெய்தது. முழுசாக ஏற்றுக்கொண்டது 1868இல், ஆள் செத்து நாலு வருஷம் கழித்து.

பாடல்களை அவர் தொகுத்த விதமும் கவனிக்க வேண்டியது. 'மக்கள் பாடினார்கள்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், தெரிந்தவரை யார் பாடியது என்று குறித்துவைத்தார். பார்வையற்ற ஃபிலிப் விஷ்னிச், வழிப்பறிக் கலகக்காரராகத் திரிந்த தேஷான் போத்ருகோவிச், பெயர் தெரிந்தும் தெரியாமலும் சில பார்வையற்ற பெண்கள். 1389ஆம் வருஷத்துக் கொசோவோப் போர் பற்றிய புகழ்பெற்ற பாடல்கள் சில இந்தப் பெண்களிடமிருந்து வந்தவை. பின்னாளில் மீசையை முறுக்கிக்கொண்டு பாடப்பட்ட ஆண்மையின் காவியத்துக்குப் பின்னால் இருப்பது இந்தக் குரல்கள். 1814இல் அவர் வெளியிட்ட முதல் தொகுப்பிலேயே 'ஹசனாகினிட்சா' இருக்கிறது. கணவனால் விரட்டப்பட்ட ஒரு முஸ்லிம் பெண்ணின் கதைப்பாடல். கெதே ஏற்கெனவே ஜெர்மனில் பெயர்த்த பாடல் அது. ஐரோப்பா 'செர்பியப் பாடல்' என்று கொண்டாடியவற்றில் முஸ்லிம் வீட்டு அழுகையும் கலந்திருந்தது.

இங்கேதான் சிக்கல். அந்த அழுகை யாருடையது? 1849இல் வுக் 'செர்பியர் எல்லாரும் எங்கெங்கும்' என்ற கட்டுரையை அச்சிட்டார். ஷ்டோகாவிய வழக்கைப் பேசுகிற எல்லாரும் செர்பியர்தான், ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கர், முஸ்லிம் என்று மூன்று மத வழியினர் இருக்கிறார்கள், அவ்வளவே என்பது வாதம். மதத்தைத் தள்ளிவிட்டு மொழியை அளவுகோலாக்கியது அந்தக் காலத்துக்குத் தாராளமான சிந்தனை என்று சிலர் சொல்வதுண்டு. பாதி சரி. மீதிப் பாதி என்னவென்றால், பொஸ்னிய முஸ்லிமும் குரோஷியக் கத்தோலிக்கரும் தங்களை என்னவென்று அழைத்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வியே அதில் எழவில்லை. உனக்குத் தெரியாவிட்டாலும் நீ செர்பியன்தான் என்று அகராதிக்காரர் சொல்கிறார். மற்றமையை அணைத்துக்கொள்கிற கைதான். ஆனால் பெயர்வைக்கிற அதிகாரம் அந்தக் கையிலேயே இருக்கிறது.

பிறகு பெயர் நிறுவனமானது. 1897இல் எலும்புகள் வியன்னாவிலிருந்து பெல்கிரேடுக்கு வந்தன. சிலை, அதன் பெயரில் சுரங்க ரயில் நிலையம், 10 தினார் நோட்டில் முகம், எட்டு வகுப்பும் முதல்தர மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு 'வுக் பட்டயம்'. மகள் மீனா ஓவியர். தகப்பனார் தொகுத்த கதைகளை ஜெர்மனில் பெயர்த்தவர். வியன்னாக் கத்தோலிக்கத் தாயின் பெண்ணான இவர், கல்யாணத்துக்காக 1858இல் ஆர்த்தடாக்ஸ் மதத்துக்கு மாற வேண்டியிருந்தது. மதம் ஒரு பொருட்டில்லை என்று எழுதியவர் வீட்டில்!

ரதோவான் மான்டிநீக்ரோ மலைக்கிராமத்தில் பிறந்து, 15 வயதில் சரயேவோவுக்கு வந்தவர். மனநல மருத்துவர், கவிஞர். முதல் தொகுப்பு 1968இல். 1990இல் பொஸ்னிய செர்பியரின் கட்சித் தலைவர். 1991 அக்டோபரில் பாராளுமன்றத்தில் நின்று, போர் வந்தால் முஸ்லிம்களால் தங்களைக் காத்துக்கொள்ள முடியாது, அந்த மக்களே இல்லாமல் போகக்கூடும் என்று எச்சரித்தார். 1992 ஏப்ரலில் சரயேவோ முற்றுகை தொடங்கியது. 1996 பிப்ரவரி வரை நீடித்தது. ஆகஸ்ட் 1992இல் தேசிய நூலகத்தைக் குண்டுவீசி எரித்தார்கள். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரனிட்சாவில் சில நாட்களுக்குள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள்.

பாவ்லிகோவ்ஸ்கி எடுத்த 'செர்பியக் காவியங்கள்' (1992) ஆவணப்படத்தில் ஒரு காட்சி. த்ர்ஷிச்சில் வுக்கின் வீட்டில் ரதோவான் உட்கார்ந்து, நாட்டுப்புற நரம்பு வாத்தியமான குஸ்லேயை வாசிக்கிறார். சுவரில் வுக்கின் படம். அதிலுள்ள மோவாய்க் குழியைக் காட்டி, தன் மோவாயிலும் அது இருப்பதைச் சொல்கிறார். ரத்த சாட்சி! அந்த வீடோ 1933இல் திரும்பக் கட்டியது. அசல் வீடு எழுச்சியின்போதே எரிந்துபோனது. தேர்ந்துகொண்ட பெயர், மறுபடி கட்டிய வீடு, ஒரு படம். வம்சம் என்பது இப்படித்தான் கட்டமைக்கப்படுகிறது. கட்டியது என்பது மறந்துபோகணும், அதற்குத்தான் மோவாய்க்குழி.

அவருக்கு வுக்கின் பெயர் வேண்டியிருந்தது, வுக்கின் கருத்து வேண்டியிருக்கவில்லை. ஒரே மொழி பேசுபவர் ஒரே மக்கள் என்றால் சரயேவோவைச் சுற்றிப் பீரங்கி வைக்க வழியில்லையே. ஆகவே மொழியைத் தள்ளிவிட்டு மதத்தை ரத்தமாக்க வேண்டியிருந்தது. என்னைப் போலவே பேசினாலும் நீ துருக்கியன்தான். ஸ்ரெப்ரனிட்சாவுக்குள் நுழைந்தபோது தளபதி ம்லாதிச் காமிராவைப் பார்த்துத் துருக்கியரைப் பழிதீர்ப்பதாகச் சொன்னது இந்தச் சொல்லாடலில்தான். வுக்கின் வாதம் தலைகீழாகிவிட்டது. ஆனால் ஒரு விஷயம் மாறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறார் என்று அப்போதும் யாரும் கேட்கவில்லை. சேர்த்துக்கொள்வதற்கும் கொல்வதற்கும் இடையே இருக்கிற தூரம் சின்னதில்லை, இரண்டையும் சமப்படுத்தினால் செத்தவர்களுக்குத் துரோகம். அந்தத் தூரத்தைக் கடக்கிற பாதை எங்கே தொடங்கியது என்று தேடினால் 1849ஆம் வருஷக் கட்டுரை கண்ணில் படாமல் போகாது என்பதுதான் நான் சொல்வது. பாடகர் பெயரை எழுதிவைத்த வுக்கும், அந்தக் கட்டுரையை எழுதிய வுக்கும் ஒரே ஆள்தான். எந்த வுக்கை வாசிக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

சர்வதேச நீதிமன்றம் குற்றஞ்சாட்டிய பிறகு, ஒரு கட்டத்தில் ரதோவான் தலைமறைவானார். வம்சப் பெருமை பேசியவர் பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, தாடி வளர்த்து, 'தாபிச்' என்ற மாற்று மருத்துவராகப் புதிய பெல்கிரேடில் வாழ்ந்தார். அங்கே ஒரு மதுக்கடையில், கராஜிச்சின் படம் மாட்டிய சுவருக்குக் கீழே குஸ்லே வாசித்திருக்கிறார் என்று கைதுக்குப் பின் வந்த செய்திகள் சொன்னன. பிடிபட்டது 2008 ஜூலையில், ஒரு நகரப் பேருந்தில்.

2016 மார்ச்சில், தீர்ப்புக்குச் சில நாட்கள் முன்னால், சரயேவோவுக்குப் பக்கத்தில் பாலே ஊர் மாணவர் விடுதிக்கு 'டாக்டர் ரதோவான் கராஜிச்' என்று பெயர்ப்பலகை வைத்தார்கள். தீர்ப்பு 40 வருஷம். 2019 மேல்முறையீட்டில் ஆயுள். சர்வதேச நெருக்கடிக்குப் பிறகு, குடும்பத்தார் கேட்டுக்கொண்டதாகச் சொல்லி, 2020 டிசம்பரில் பலகையைக் கழற்றினார்கள். விடுதி அங்கேயே இருக்கிறது.