குஞ்சுக் கொட்டகையில் கரி அடுப்பு: வெளிக்காற்று அவசியம்

வடகிழக்குப் பருவமழை முடிந்து மார்கழிப் பனி இறங்கும்போது, வேலப்பன்சாவடி, திருவேற்காடு வட்டாரத்தில் வீட்டுக் கொல்லையில் கோழிக்குஞ்சு வளர்ப்போருக்குக் கவலை பிறந்துவிடும். முதல் வாரக் குஞ்சுக்கு 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் தேவை. இரவில் மின்சாரம் நின்றால் கரி அடுப்பே கை கொடுக்கிறது. குளிர் புகாதிருக்கக் கொட்டகையின் நாற்புறமும் கோணிப்பையால் மூடிவிடுவதும் வழக்கம். இங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

ஒரு கிலோ கரி முழுமையாக எரிய ஏறத்தாழ 8 கன மீட்டர் காற்று தேவை. பத்தடி நீள, அகல, உயரமுள்ள அறையில் இருப்பதோ 28 கன மீட்டர்தான். காற்று குறைந்தால் கரி அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு மிகுதியாக உண்டாகும். இதற்கு நிறமோ மணமோ கிடையாது. கரியில் புகை இல்லையே என்று நம்புவது பெருந்தவறு. இவ்வாயு பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இரத்தத்தில் பற்றிக்கொள்ளும். குஞ்சுகள் மட்டுமல்ல, காவலுக்குப் படுத்தவரும் உறக்கத்திலேயே உயிரிழக்க நேரிடும்.

இதனைத் தவிர்க்கக் கீழ்க்கண்ட முறைகளைக் கையாளலாம்.

1. திறந்த குமுட்டியை உள்ளே வைக்கலாகாது. மூடியுள்ள இரும்பு அடுப்பே ஏற்றது. அதன் புகைப்போக்கி கூரை முகட்டுக்கு மேல் மூன்றடி உயர்ந்திருக்க வேண்டும்.

2. வெளிக்காற்றுக்காக 4 அங்குல இரும்புக் குழாயைச் சுவர் வழியே கொணர்ந்து, அடுப்பின் சல்லடைத் தட்டுக்குக் கீழே சேர்க்கவும். பிளாஸ்டிக் குழாய் கூடாது.

3. குழாய் எங்கும் அடுப்பின் மட்டத்துக்கு மேலே ஏறலாகாது. ஏறினால் அதுவே புகைப்போக்கியாக மாறி, சூடான வாயுவை எதிர்த்திசையில் இழுக்கக்கூடும்.

4. குழாயின் வாய் காற்றடிக்கும் பக்கம் இருக்கட்டும். பருவமழைக் காலத்தில் அது வடகிழக்காகும். எதிர்ப்புறம் வைத்தால் வெளிக்காற்று புகையைப் பின்னுக்கு இழுக்கும். மழை புகாதபடி வாயைக் கீழ்நோக்கி வளைத்து, எலி நுழையாதிருக்கக் கம்பி வலை கட்டவும்.

5. இக்குழாய் அடுப்புக்குத்தான் காற்று தரும், குஞ்சுகளுக்கு அன்று. ஆகவே சுவரின் மேற்புறம் ஓரடி அளவு எப்போதும் திறந்திருக்கட்டும்.

ஓலைக் கூரையுள்ள கொட்டகைக்குத் தீப்பொறியால் ஆபத்து உண்டு. அங்கு இம்முறை வேண்டாம், மின்விளக்கே நன்று.

கொட்டகையில் தலைவலி, குமட்டல், மயக்கம் தோன்றினால் உடனே வெளியேறி மருத்துவரை நாடுங்கள். குளிர்காற்றில் குஞ்சு நடுங்கினால் மீண்டும் வெப்பம் கொடுத்துத் தேற்றலாம். நச்சு வாயுவுக்கு இரையான உயிரை மீட்க முடியாது. ஆகவே இன்றிரவு அடுப்பு மூட்டுமுன் காற்று வரும் வழியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.