கொழுந்துத் தராசும் கொழும்பு ஏலமும்

வணிக நிறுவனமொன்று தனக்கு வேண்டிய பண்டத்தைத் தேர்ந்து, விலைபேசி, பெற்று, பணஞ்செலுத்தும் நடைமுறை முழுவதும் கொள்வனவு எனப்படும். இதன் படிகள் தனித்தனி ஏடுகளிற் சிதறிக் கிடவாது கணினிவழி ஒன்றோடொன்று பிணைக்கப்படுவதே இன்றைய பெருமாற்றம். இதற்குத் தொலைநாட்டு உதாரணந் தேடவேண்டியதில்லை. தலவாக்கலையை அடுத்துப் புகையிரதம் தரிக்கும் வட்டகொடையிலிருந்தே நோக்குவோம்.

மலையகத் தொழிற்சாலைகளின் தேயிலையிற் பெரும்பகுதி கொழும்பு ஏலத்தில் விலைபோகின்றது. தரகர் மாதிரிகளைப் பகிர்ந்து பட்டியலிடுவர். கொள்வனவாளர் சுவைத்துப் பார்த்து விலைகேட்பர். 1883 ஜூலை 30இல் தொடங்கிய இவ்வேலத்தில், விலையை வாய்விட்டுக் கூறும் வழக்கமே நெடுங்காலம் நிலவியது. நீலகிரியின் குன்னூரில் 2003இலேயே இலத்திரனியல் ஏலம் தொடங்கிவிட்டது. கொழும்போ, 2020 மார்ச்சில் ஊரடங்கு மண்டபத்தை மூடியபின், ஏப்ரலிலேயே இணையவழிக்கு மாறியது. தடையாயிருந்தது கருவியின்மையன்று, பழக்கமே என்பது எமது கருத்து. சில நாட்களில் இயன்றதற்கு அத்தனை ஆண்டுகள் வேண்டியதில்லையன்றோ! ஒன்று மட்டும் மாறவில்லை: சுவைப்பவர் நாவுக்கு ஈடான பொறி ஏலத்திற்கு வந்திலது, மாதிரிகள் இன்றும் பொதிகளாகவே செல்கின்றன.

இணையவழி ஏலத்தில் கேட்ட விலை, கேட்டவர், நேரம் யாவும் பதிவாகின்றன. இதன் பயன் தொழிற்சாலையோடு நிற்பதன்று. சிறுதோட்ட உடைமையாளர் தரும் பச்சைக் கொழுந்தின் விலை, தொழிற்சாலையின் தேறிய விற்பனைச் சராசரியில் நூற்றுக்கு 68 பங்கு என்ற விகிதத்திற் கணிக்கப்படுகின்றது. ஆகவே ஏலப் பதிவு தெளிவாயின் அவர் கணக்கும் தெளிவாகும்.

பெருந்தோட்டத் தொழிலாளியின் நிலை வேறு. சட்டப்படி அவர் கொழுந்தை விற்பவரல்லர், கூலி பெறுபவர். ஆயினும் தேயிலையின் முதல் அளவை அவர் கூடையிலேதான் நிகழ்கின்றது. குறித்த கிலோ நிறைந்தாற் பேர், குறைந்தால் அரைப்பேர். சாக்குக்கும் மழைநீருக்குமெனக் கழிக்கப்படும் கிலோக்களே அந்நாளின் கூலியைத் தீர்மானித்துவிடக் கூடும். மலையகத்திற் கொழுந்து நிறுக்குமிடத்துப் பிணக்குகள் பெரும்பாலும் இக்கழிவைப் பற்றியனவே. கணக்கப்பிள்ளையின் கையேடு இருந்த இடத்திற் சில தோட்டங்களில் இன்று இலத்திரனியல் தராசு வந்துள்ளது. இது வரவேற்கத்தக்கதே. ஆனாற் கழிவைப் பழையபடி கையாற் புகுத்துவராயின், கணினி அத்தவறுக்கு நிலையான பதிவொன்றை வழங்குவதன்றி வேறென் செய்யும்?

கொழும்பில் விலைகேட்பவருக்குத் தன் கொள்வனவின் ஒவ்வொரு படியும் திரையிற் புலனாகின்றது. கொழுந்து நிறுக்கும் பெண்ணுக்கும் அவ்வளவு புலனாதல் வேண்டும். மொத்த நிறை, கழிவு, எஞ்சிய நிறை என மூன்றையும் தமிழிற் காட்டும் சிறு சீட்டொன்று தராசடியிலேயே கிடைக்குமாயின், மாத இறுதியிற் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுக் கேட்பதற்கு அவர் கையில் ஆதாரமிருக்கும்.