பங்குனியில் ஒரு சாலைப் பயணம்: எங்கே செல்வது?

தமிழ் மரபு இளவேனிலைச் சித்திரைக்கும் வைகாசிக்கும் உரியதாக வகுத்துள்ளது. ஆயினும், சிறு குழந்தைகளுடன் காரில் புறப்பட எண்ணுவோர் சித்திரை வரை காத்திருத்தல் நன்றன்று. அக்கினி வெயிலில் நின்ற காரின் இருக்கைப்பட்டைக் கொக்கியைத் தொட்டாலே குழந்தையின் கை சுட்டுவிடும். மார்ச் மாதமே, அதாவது மாசியின் கடைசியும் பங்குனியுமே, பயணத்திற்கு உகந்த காலம்.

பெங்களூரில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு வயதில் ஒரு பெண், மூன்று வயதில் ஒரு பையன், உடன் பாட்டி. சனி, ஞாயிறுடன் திங்களன்று ஒரு நாள் விடுப்பு. ஹம்பி, குடகு, மைசூர் என மூன்று ஊர்கள் பேச்சில் அடிபடுகின்றன. மைசூர் ‘பார்த்த ஊர்தானே’ என்று முதலிலேயே ஒதுக்கப்படும். பெரியவர்களின் மனம் ஹம்பியை நாடும். இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஊரின் புகழைக் கொண்டு முடிவு செய்வதா, குழந்தை காரில் அமர்ந்திருக்கக்கூடிய நேரத்தைக் கொண்டு முடிவு செய்வதா?

ஹம்பி ஏறத்தாழ 340 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. உணவுக்கும், கழிப்பறைக்கும், காரணமற்ற அழுகைக்கும் நிறுத்திச் செல்லும்போது ஒரு பகல் முழுவதும் சாலையிலேயே கழிந்துவிடும். திரும்புவதற்கு இன்னொரு பகல். மூன்று நாள் விடுப்பில் எஞ்சுவது ஒரே நாள். அந்த ஒரு நாளும் மார்ச் வெயிலில் காயும் பாறைகளுக்கிடையே நடக்க வேண்டியிருக்கும். விட்டலர் கோயிலின் கல்தேர் ஆறு வயதுப் பெண்ணை வியக்கவைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மூன்று வயதுப் பையனை யார் தூக்கி நடப்பது? ஹம்பியை டிசம்பருக்கு வைத்துக்கொள்ளலாம்.

குடகின் ஈர்ப்பு வேறு வகையானது. கோடை மழையின் முதல் தூறல் விழுந்து ஒரு வாரம், பத்து நாட்களில் காப்பித் தோட்டங்கள் வெண்மையாகப் பூத்து, மல்லிகையை ஒத்த மணம் வீசும். அது காணத்தக்க காட்சியே. ஆனால் பூக்கள் ஓரிரு நாட்களே நிலைக்கும். மழை எப்போது வரும் என்று பார்த்து விடுப்பு எடுக்க இயலாது. மேலும், மடிக்கேரியை நெருங்கும்போது மலைப்பாதையின் வளைவுகள் தொடங்குகின்றன. பயணத்தின்போது தலைசுற்றி வாந்தி வருவது இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளிடமே அதிகம். உடல் அசைவதை உட்காது உணர்த்துகிறது; கையிலுள்ள படப்புத்தகத்தையோ கைப்பேசியையோ பார்க்கும் கண்ணோ ‘அசைவில்லை’ என்கிறது. இந்த முரண்பாடே குமட்டலாகிறது. குழந்தையை அமைதிப்படுத்த நாம் கொடுக்கும் கைப்பேசியே வாந்திக்கு வழிவகுக்கிறது என்பதைப் பல பெற்றோர் அறிவதில்லை. சன்னலுக்கு வெளியே தொலைவில் பார்க்கச் செய்வதும், எண்ணெய் மிகுந்த உணவைத் தவிர்த்து இரண்டு இட்லியுடன் புறப்படுவதும், சற்றே கண்ணாடியை இறக்கிவிடுவதும் உதவும்.

ஆக, ‘பார்த்த ஊர்’ என்று ஒதுக்கிய மைசூருக்கே நாம் திரும்புகிறோம். 2023-ல் திறக்கப்பட்ட விரைவு நெடுஞ்சாலையின் நீளம் சுமார் 119 கிலோமீட்டர். நகர நெரிசலைக் கடந்துவிட்டால், குழந்தையின் ஒரு தூக்கத்திற்குள் ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடைந்துவிடலாம். மைசூருக்குப் போகும் பலர் நிற்காமல் கடந்துவிடும் ரங்கனதிட்டு அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. காவிரியின் நடுவே சிறு சிறு தீவுகள். பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் முயற்சியால் 1940-ல் அவை சரணாலயமாயின. மார்ச் மாதத்தில் அங்கே கூடு கட்டும் பருவம். மஞ்சள் மூக்கு நாரையும், கரண்டிவாயனும், அரிவாள் மூக்கனும் கிளைக்குக் கிளை அமர்ந்திருக்கும். படகு மிக அருகில் செல்வதால் தொலைநோக்கி இல்லாமலே குழந்தைகள் காணலாம். பாறைமேல் வாய் திறந்து கிடக்கும் முதலையே பையனின் நினைவில் நெடுநாள் நிற்கும். படகில் குழந்தையின் அளவுக்கேற்ற மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீரில் கையை நீட்ட விடாதீர்கள். காலையில் முதல் படகுகளிலேயே சென்றுவிடுவது நல்லது.

பிற்பகல் வெயிலுக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் கோடைமாளிகையான தரியா தௌலத் பாக் உண்டு. சுவரோவியங்களைப் பெரியவர்கள் பார்க்க, தோட்டத்தில் குழந்தைகள் ஓடலாம். 1892-ல் தொடங்கப்பட்ட மைசூர் விலங்குக் காட்சிசாலைக்கு ஞாயிறு காலையை ஒதுக்கலாம். அன்று மாலை ஏறக்குறைய ஒரு லட்சம் விளக்குகளுடன் அரண்மனை ஒளிரும். உறங்கும் நேரத்திற்குள் அது முடிந்துவிடுவது பெற்றோருக்கு ஆறுதல்.

எந்த ஊரைத் தேர்ந்தாலும் ஒன்றில் மட்டும் சமரசம் கூடாது. குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வேகமாகச் செல்லும் கார் திடீரென நின்றால், எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. பதினான்கு வயதுக்குட்பட்டோர் இருக்கைப்பட்டையோ குழந்தை இருக்கையோ இன்றிப் பயணித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு ரூ.1,000 அபராதம் விதிக்கிறது. அந்தத் தொகை சிறிது. இழப்போ ஈடுசெய்ய முடியாதது. கைக்குழந்தைக்கான பின்னோக்கிய இருக்கையைக் காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் ஒருபோதும் பொருத்தக்கூடாது. அறை வாடகையில் ஓர் இரவைக் குறைத்தாவது குழந்தை இருக்கை வாங்குங்கள் என்றே சொல்வோம்.

புறப்படும் முன் காப்பீடு, மாசுக்கட்டுப்பாட்டுச் சான்று ஆகியவற்றின் காலக்கெடுவைப் பாருங்கள். ஃபாஸ்டேக் செயல்படாத நிலையில் ரொக்கமாகக் கட்டினால் சுங்கம் இருமடங்கு.

திங்களன்று திரும்பும்போது விரைவுச்சாலையை விட்டு இறங்கிப் பழைய சாலையில் சென்னபட்டணத்திற்குள் செல்லுங்கள். வெப்பாலை மரத்தைக் கடைசல் பிடித்து, அரக்குச் சாயம் ஏற்றிச் செய்யும் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. ஆளுக்கொரு பம்பரமோ இழுவண்டியோ வாங்கிக் கொடுத்தால், பெங்களூர் நெரிசலில் கார் ஊர்ந்து செல்லும் கடைசி ஒரு மணி நேரத்தைக் கைப்பேசி இல்லாமலே கடந்துவிடலாம்.