சாயும் ஜீப்புக்கு ஒரு வளைகம்பி
சக்கரம் பழகிய சாலை – 14

போன வாரம் பழைய ஜீப்பின் பிரேக்கைப் பற்றிப் பார்த்தோம். இந்த வாரம் அதன் சாய்வு.

காரவள்ளியில் ஏறினால் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. இந்த மலைகளில் மிளகும் பலாவும் காபி மூட்டையும் சுமந்த பழைய மகேந்திரா ஜீப்புகளுக்கு முன்னும் பின்னும் கமான் பட்டைதான். பாரம் தாங்குவதில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் ஸ்டியரிங்கை ஒடித்தால் பாடி ஒரு பக்கமாக இறங்கும். பின் சீட்டில் இருப்பவர் கம்பியைப் பிடித்துக்கொள்வார். காரில் இருக்கிற ஸ்டெபிலைசர் பாரை இதிலும் போட்டுவிட்டால் என்ன என்று வண்டிக்காரர்கள் கேட்பது அதனால்தான்.

போடலாம். எதற்குப் போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும்.

ஆங்கில ‘யு’ வடிவில் வளைத்த ஸ்பிரிங் எஃகுக் கம்பி அது. நடுப்பகுதியை இரண்டு ரப்பர் புஷ்களில் வைத்துச் சேஸிஸில் கட்டுவார்கள். இரு முனைகளும் சின்ன லிங்க் ராடு வழியாக ஆக்சிலில் சேரும். இரண்டு சக்கரமும் ஒன்றாக மேட்டில் ஏறினால் கம்பி சும்மா உருளும், வேலை இல்லை. ஒரு சக்கரம் மட்டும் உயர்ந்தால், ஈரத்துணியைப் பிழிவது போல் கம்பி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்குத்தான் பாடியின் சாய்வை எதிர்த்து நிற்கிறது. கனடாவின் ஃபிரெடரிக்டன் ஊரைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் 1919இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

பட்டறையில் நின்று “கொஞ்சம் தடிமனாகவே போட்டுவிடுங்கள்” என்று சொல்வது சுலபம். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டும். கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 20 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 22 போட்டால் விறைப்பு 46 சதவீதம் கூடும். 25 போட்டால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. முன்புறம் மட்டும் அளவுக்கு மீறி விறைத்தால், வளைவில் ஒடித்தாலும் மூக்கு வெளிப்பக்கமே போகப் பார்க்கும். பின்புறம் மட்டும் விறைத்தால் மழை பெய்த சாலையில் வால் வீசும். இந்த இரண்டாவது வகைதான் எனக்குப் பயம். புதிதாகப் போடுகிறவர் முன்புறத்தில், மிதமான தடிமனில் தொடங்குவதே நல்லது.

பலரும் தப்பாக நினைக்கிற இடம் ஒன்று உண்டு. சாய்வு குறைந்துவிட்டால் வண்டி கவிழாது என்று நம்புகிறார்கள். சாய்வு வேறு, கவிழ்வது வேறு.

ஒரு வண்டி எளிதில் கவிழுமா என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பவை இரண்டு: இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலம், எடையின் மையம் இருக்கும் உயரம். அகலத்தில் பாதியை அந்த உயரத்தால் வகுத்து வரும் எண்ணை வைத்துத்தான் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை வண்டிகளை மதிப்பிடத் தொடங்கியது. அகலம் 1.3 மீட்டர், மைய உயரம் 65 சென்டிமீட்டர், எடை 1,500 கிலோ என்று ஒரு ஜீப்பை வைத்துக்கொள்வோம். எண் 1 வரும். மேல் கேரியரில் இரண்டு 50 கிலோ மூட்டைகளைக் கட்டினால் அது 0.89 ஆக இறங்கிவிடும். சேஸிஸுக்கு அடியில் போடுகிற எந்தக் கம்பியும் அந்த இழப்பை ஈடுகட்டாது. பாடி வெளிப்பக்கம் தள்ளுவதைக் குறைப்பதால் சிறிது உதவி கிடைக்கும், அவ்வளவுதான்.

மாருதி செய்ததைப் பாருங்கள். 1985இல் வந்த ஜிப்ஸி குறுகலான வண்டி. 1993இல் அதன் சக்கர அகலத்தையே முன்னும் பின்னும் 90 மில்லிமீட்டர் கூட்டினார்கள். கவிழ்வதற்கு எதிரான சரியான வைத்தியம் அதுதான். ரேஞ்ச் ரோவரின் கதை வேறு. 1970 முதல் இருபது ஆண்டுகள் ஸ்டெபிலைசர் இல்லாமல் சாய்ந்து சாய்ந்தே ஓடிய வண்டி அது. அதை உருவாக்கிய சார்லஸ் ஸ்பென்சர் கிங்கின் பெயரில் சிஎஸ்கே என்று 200 வண்டிகளை மட்டும் தனியாக இறக்கியபோதுதான் அந்தக் கம்பியைப் போட்டார்கள். ஓட்டுகிறவருக்குக் கை நிதானம் கிடைத்தது. அந்த நிதானத்துக்காகத்தான் இதைப் போட வேண்டும்.

அந்த நிதானம் அதிகம் தேவைப்படும் இடம் மலையை விட நம் சமவெளிச் சாலைதான். சேலம்–நாமக்கல் நான்குவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது குறுக்கே நாய் வருகிறது. சட்டென்று ஒடித்து, உடனே திருப்பி ஒடிக்கிறோம். பழைய ஜீப்பின் பாடி முதல் ஒடிப்பிலிருந்து நிமிர்வதற்குள் இரண்டாவது ஒடிப்பு வந்துவிடுகிறது. கம்பி தன் பெயரைக் காப்பாற்றுவது அந்த நொடியில். கொண்டை ஊசி வளைவில் வேகம்தான் எல்லாம். 12 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 கிலோமீட்டரில் திரும்பினால் வண்டி எடையின் கால் பங்கு அளவுக்குப் பக்கவாட்டு விசை வரும். 25இல் திரும்பினால் அது ஐந்தில் இரண்டு பங்கு. ஐந்து கிலோமீட்டர் வேக வித்தியாசத்தில் இவ்வளவு இருக்கிறது.

கம்பி வாங்கும் முன் ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். கமான் பட்டையின் கண்ணில் இருக்கும் புஷ்ஷை நெம்பிப் பாருங்கள். ரப்பர் வெடித்து, ஓட்டை முட்டை வடிவமாகி, ஷாக்கிள் பின் பளபளவென்று தேய்ந்திருக்கும். எண்ணெய் கசிந்த ஷாக் அப்சார்பர், யூ போல்ட்டின் தளர்ச்சி, காற்றுக் குறைந்த டயர் எல்லாம் அதே சாய்வைத்தான் கொடுக்கும். இவற்றைச் சரி செய்யாமல் கம்பி போடுவது காசுக்குக் கேடு.

அடுத்தது எஃகு. லாரிக்குப் பாடி கட்டுவதில் பேர்போன நாமக்கல்லில் எந்தக் கம்பியையும் எந்த வடிவத்திலும் வளைத்துத் தருவார்கள். ஆனால் சாதா இரும்புக் கம்பி முறுக்கினால் முறுக்கிய இடத்திலேயே நின்றுவிடும். ஸ்பிரிங் எஃகாக இருந்தாலும், கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி வளைத்துவிட்டு அப்படியே மாட்டினால் அதன் பதம் போய்விடும். வளைத்தபின் மறுபடி பதம் ஏற்றியாக வேண்டும். கம்பியின் மேல் வெல்டிங் வைக்கவே கூடாது. விரிசல் அங்கேதான் தொடங்கும். பிராக்கெட்டை ஆக்சில் குழாயில் அளவில்லாமல் வெல்டு வைத்தால் குழாய் கோணி, ஆயில் சீல் ஒழுகும். கிளாம்ப் போட்டு இறுக்குவது மேல்.

மாட்டும்போது வண்டி சக்கரத்தில் நிற்க வேண்டும், ஜாக்கியில் அல்ல. அந்த நிலையில் லிங்க் ராடு செங்குத்தாக இருக்கட்டும். பிறகு ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலை முழுக்கத் தொங்கவிட்டு, லிங்க் மறுபக்கம் மடங்குகிறதா, பிரேக் ஹோஸை உரசுகிறதா, ஸ்டியரிங் முழு ஒடிப்பில் டயர் கம்பியைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

மரவள்ளிக் காட்டு வரப்பிலும் மலைத் தடத்திலும் இதே கம்பி இடைஞ்சல். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்க வேண்டிய இடத்தில் அதை இறங்கவிடாது. சக்கரம் அந்தரத்தில் சுற்றும். ஜீப் ராங்க்ளர் ரூபிகானில் முன்புறக் கம்பியைப் பொத்தான் அமுக்கிக் கழற்றிவிடும் வசதியே இருக்கிறது. நமக்கு, கையால் கழற்றும் பின் வைத்த லிங்க் போதும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறக்காமல் மாட்டிவிட வேண்டும்.

கம்பியோடு சேர்த்து நீளமான ஷாக்கிள், பெரிய டயர் என்று வண்டியை உயர்த்தும் ஆசையும் வரும். அதைச் செய்யாதீர்கள். எடை மையம் மேலே போகும், செய்த வேலை வீணாகும். உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. கம்பி போடும் முன்பும் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மேல் கேரியரில் இருக்கும் மூட்டைகளை இன்றைக்கே கீழே இறக்குங்கள். அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

(தொடரும்)